'அதற்க்கு' முதல் 'சுவற்றில்' வரை: தமிழ்ப் பிழைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிழை பார்த்தே பிழைப்பவன் நான். தொழில் ப்ரூஃப் பார்ப்பது. தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரும் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அதே பதிலை வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்பத் தட்டிச் சலித்துப்போய், மொத்தமாக இங்கே எழுதி வைத்துவிட்டேன்.

ஒரு எழுத்து மாறினால் என்ன குடி முழுகிவிடும்? புரிந்தால் போதாதா?

பெரும்பாலும் முழுகாது. புரிந்துவிடும். ஆனால் எனக்கு ஒரு முறை முழுகியிருக்கிறது.

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு கண்ணீர் அஞ்சலி விளம்பரம். 'இறைவனடி சேர்ந்தார்' என்று வர வேண்டியது, 'இரைவனடி சேர்ந்தார்' என்று அச்சாகிப் போய்விட்டது. இறை என்றால் கடவுள். இரை என்றால் பறவையோ விலங்கோ தின்னும் தீனி. ப்ரூஃப் பார்த்தது நான்தான், ஓகே என்று கையெழுத்துப் போட்டதும் நான்தான். மறுநாள் இறந்தவரின் மகள் போன் செய்தார். திட்டுவார் என்று நினைத்துக் காதைக் கொஞ்சம் தள்ளியே வைத்துக்கொண்டேன். அவர் திட்டவில்லை. "சார், அப்பா தமிழ் வாத்தியார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு 'ஒரு எழுத்துதானே' என்று யார் சொன்னாலும் எனக்கு அந்தக் குரல்தான் கேட்கிறது.

'அதற்க்கு' என்று எழுதினால் என்ன தப்பு? அப்படித்தானே காதில் விழுகிறது?

என் பட்டியலில் முதல் எதிரி இதுதான். அதற்க்கு, முயற்ச்சி, பயிற்ச்சி, கற்ப்பனை, நட்ப்பு, கட்ச்சி என்று ஒரு பெரிய குடும்பமே இருக்கிறது. இத்தனைக்கும் விதி ஒரே வரி: ட், ற் என்ற இரண்டு புள்ளி எழுத்துகளுக்குப் பின்னால் இன்னொரு புள்ளி எழுத்து வராது. அதற்கு, முயற்சி, பயிற்சி, கற்பனை, நட்பு, கட்சி. அவ்வளவுதான். தமிழ்ச் சொற்களில் இதற்கு விலக்கே கிடையாது. (நெட்ஃப்ளிக்ஸைக் காட்டி மடக்கப் பார்க்காதீர்கள், அது தமிழ்ச் சொல் இல்லை.)

ஏன் குழப்பம் வருகிறது என்றால், பக்கத்திலேயே வளர்ச்சி, உணர்ச்சி, மகிழ்ச்சி என்று 'ச்சி' போட்ட சொற்கள் நிற்கின்றன. ய், ர், ழ் மூன்றும் மென்மையாக ஓடுகிற எழுத்துகள். அவற்றுக்குப் பின்னால் இன்னொரு புள்ளி எழுத்துக்கு இடம் உண்டு: வாய்ப்பு, பார்க்க, வாழ்க்கை. ட், ற் இரண்டும் நாக்கை முட்டி நிறுத்திவிடுகிற எழுத்துகள். நின்ற இடத்தில் இன்னொரு முறை எப்படி நிற்பது?

இன்னும் சந்தேகம் என்றால் வேர்ச்சொல்லைப் பாருங்கள். வளர், உணர் என்று 'ர்' இருந்தால் வளர்ச்சி, உணர்ச்சி. முயல், பயில் என்று 'ல்' இருந்தால் அது 'ற்' ஆக மாறி முயற்சி, பயிற்சி. ஆள் என்பது ஆட்சி, மீள் என்பது மீட்சி, காண் என்பது காட்சி ஆவதும் இதே மாதிரிதான். ஒரு முறை இது பிடிபட்டுவிட்டால் அப்புறம் தப்பாக எழுதவே கை வராது.

ர, ற இரண்டையும் காதால் பிரிக்க முடியுமா?

இன்றைய பேச்சில், தனியாக வரும்போது, பலருக்கு முடியாது. கரி, கறி இரண்டையும் ஒரே மாதிரிதான் சொல்கிறோம். அரம், அறம், பரவை, பறவை, கூரை, கூறை, எரி, எறி எல்லாம் அப்படித்தான். எழுத்தில் மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை.

ஆனால் ஒரு காலத்தில் இவை தெளிவாகவே வேறுபட்டன. தொல்காப்பியம் எழுத்துகளின் பிறப்பைச் சொல்லும்போது ர, ழ இரண்டையும் ஒரே நூற்பாவில் வைக்கிறது. நாக்கின் நுனி மேலே வளைந்து அண்ணத்தை வருடினால் அவை பிறக்கும். ற, ன இரண்டையும் வேறொரு நூற்பாவில் வைக்கிறது. அங்கே நாக்கு அண்ணத்தை ஒற்ற வேண்டும். வருடுவது வேறு, ஒற்றுவது வேறு. மெல்லத் தடவிவிட்டுப் போவது ர. தொட்டு அழுத்துவது ற.

அந்த 'ஒற்றல்' இன்றும் யாழ்ப்பாணத்துப் பேச்சில் கேட்கும். வெற்றி, காற்று என்று அவர்கள் சொல்லும்போது 'ற்ற' என்பது ஆங்கில 'டி' எழுத்தின் ஒலிக்கு மிக அருகில் இருக்கும். அதனால்தான் ஈழத்தமிழர்கள் டொராண்டோவை 'ரொறன்ரோ' என்றும் டிவியை 'ரிவி' என்றும் எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில் இதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. சிரிக்கும் முன், ஆங்கிலேயர் சொல்லும் 'டி'க்கு நாக்கு எங்கே தொடுகிறது, நம் 'ட'வுக்கு எங்கே தொடுகிறது என்று சொல்லிப் பாருங்கள். நம் 'ட' ரொம்பப் பின்னால் இருக்கிறது. அவர்கள் கணக்கில் ஒரு நியாயம் இருக்கிறது.

மூன்று 'ந' எதற்கு? ஒன்று போதாதா?

ரெண்டு சுழி, மூணு சுழி என்று சொல்லிக் கொடுத்ததால் வந்த வினை இது. சுழியை எண்ணினால் ஓவியம்தான் தெரியும், ஒலி தெரியாது. பழைய பெயர்களைப் பாருங்கள்: தந்நகரம், டண்ணகரம், றன்னகரம். யார் யாரோடு சேருவார்கள் என்பது பெயரிலேயே இருக்கிறது. ந் என்றால் அடுத்து த (பந்து). ண் என்றால் அடுத்து ட (நண்டு). ன் என்றால் அடுத்து ற (கன்று). 'கன்டேன்', 'வேன்டும்' என்று எழுதுபவர்களுக்கு இந்த மூன்று பெயர்களே போதும்.

சொல்லின் முதலில் ந மட்டும்தான் வரும். ன, ண வராது. தமிழ்ச் சொல்லின் நடுவில் 'ந்ந' வந்தால் அங்கே இரண்டு சொற்கள் ஒட்டியிருக்கின்றன என்று பொருள். வெம்மையான நீர் வெந்நீர். அதை 'வென்னீர்' என்று எழுதக் கூடாது. 'தே' என்ற இலையில் போடுவது தேநீர். 'தேனீர்' என்றால் தேன் கலந்த நீர்.

மனம், மணம், பனி, பணி, ஆனை, ஆணை இவற்றுக்கு விதியெல்லாம் கிடையாது, நினைவில்தான் நிற்க வேண்டும். கல்யாணப் பத்திரிகைகளில் 'மனமக்கள்' என்பதை நான் திருத்தியதற்குக் கணக்கே இல்லை.

'ழ' எனக்கு வரவே மாட்டேன் என்கிறது. எப்படிச் சொல்வது?

ல என்றால் நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் தொடும். ள என்றால் நுனி மேலே மடங்கி அண்ணத்தைத் தொட்டு விழும். ழ என்றால் அதே மாதிரி மடங்கும், ஆனால் எங்கும் முட்டி நிற்காது. மெல்லிய இடைவெளி விட்டு, காற்றை நடுவே ஓட விடும்.

கண்ணாடியில் பார்த்துப் பயனில்லை, நாக்கு உள்ளே மறைந்துவிடுகிறது. நான் சொல்லும் வழி வேறு. 'ள்ள்ள்' என்று இழுத்துக்கொண்டே இருந்து, சத்தத்தை நிறுத்தி, நாக்கை அசைக்காமல் மூச்சை வாய் வழியாக உள்ளே இழுங்கள். நாக்கின் இரண்டு ஓரங்களிலும் சில்லென்று இருக்கும். இப்போது 'ழ்ழ்ழ்' என்று இழுத்து, அதே மாதிரி செய்யுங்கள். சில்லிப்பு நடுநாக்குக்கு வர வேண்டும். ஓரத்திலேயே நின்றால் நீங்கள் இன்னும் ள சொல்கிறீர்கள். ஆபீஸில் செய்ய வேண்டாம், ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

'ழ' சொல்லத் தெரியாதவர்கள் தமிழரா?

இந்தக் கேள்வியே எனக்குப் பிழையை விடப் பெரிய எரிச்சல். தென் மாவட்டங்களிலும் ஈழத்திலும் ழ பேச்சில் ள ஆகிவிடும், மழை 'மளை'தான். சென்னைப் பக்கத்துப் பேச்சில் அதே ழ வேறு வழியில் போயிருக்கிறது. 'இழுத்து' அங்கே 'இஸ்து'. இதெல்லாம் சோம்பேறித்தனம் இல்லை, வட்டார வழக்கு. 'பொழுது' என்ற சொல்லில் ழ கரைந்துதான் 'போது' வந்தது. 'அப்போது', 'வரும்போது' என்று இலக்கணச் சுத்தமாக எழுதுபவர்களும் கூச்சமில்லாமல் அதைத்தான் எழுதுகிறார்கள்.

என் அம்மா கடைசி வரை 'மளை' என்றுதான் சொன்னார். ஒரு நாளும் திருத்தத் தோன்றியதில்லை.

ஒலிபெருக்கி முன்னாலோ கேமரா முன்னாலோ நின்று பேசிச் சம்பளம் வாங்குபவர் என்றால் கதை வேறு. அது அவர் தொழில்.

எல்லாவற்றையும் 'ழ' ஆக்குகிறார்களே, அவர்களை என்ன செய்வது?

'மக்கழ்', 'பழ்ழி', 'வெழ்ழி'. ழ சிறப்பு என்று சொல்லிச் சொல்லி வளர்த்ததன் பக்க விளைவு. ர், ழ் இரண்டும் தமிழில் இரட்டிக்கவே இரட்டிக்காது. பள்ளி, வெள்ளி, தள்ளு என்று இரட்டித்து வந்தால் அது கண்ணை மூடிக்கொண்டு ள்ள. பன்மை 'கள்' விகுதியும் எப்போதும் ள்தான்.

க், ச், த், ப் எங்கே போடுவது, எங்கே விடுவது?

முழுவதும் சொன்னால் புத்தகமாகிவிடும். நான் தினமும் திருத்துவதில் பெரும்பகுதி நாலைந்து இடங்களிலேயே அடங்கிவிடுகிறது, அவற்றை மட்டும் சொல்கிறேன்.

'ஐ', 'கு' என்ற இரண்டு வேற்றுமை உருபுகளும் வெளிப்படையாக வந்தால் கட்டாயம் போடுங்கள்: அவனைப் பார்த்தேன், எனக்குத் தெரியும். அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி, எப்படி இவற்றுக்குப் பின்னாலும் போடுங்கள்: அந்தப் பையன், எப்படிச் சொல்வது.

ஒரு, பெரிய, சிறிய, படித்த, வந்த, வருகிற என்பவற்றுக்குப் பின்னால் போடாதீர்கள். 'பெரியப் பையன்' தவறு. எழுவாய்க்குப் பின்னாலும் வேண்டாம்: தம்பி பார்த்தான்.

இப்போது புதிதாகப் பரவியிருப்பது 'வந்துப் பார்த்தேன்', 'செய்துக் கொடுத்தார்', 'என்றுச் சொன்னார்'. ஒற்று விட்டுவிடுவோமோ என்ற பயத்தில் எல்லா இடத்திலும் தூவுகிறார்கள். கடைசி 'உ'வுக்கு முன்னால் வல்லினம் இரட்டித்திருந்தால்தான் ஒற்று வரும்: படித்துப் பார்த்தேன், எடுத்துக் கொடுத்தேன், கேட்டுச் சொன்னார். வந்து, செய்து, என்று போன்றவற்றில் இரட்டிப்பு இல்லை, ஒற்றும் இல்லை.

இதெல்லாம் வெறும் அலங்காரம் என்பவர்களுக்கு இரண்டு உதாரணம். 'தந்த பலகை' என்றால் யாரோ கொடுத்த பலகை. 'தந்தப் பலகை' என்றால் யானைத் தந்தத்தால் ஆனது. 'வேலை கொடு' என்றால் பார்க்க ஒரு வேலை வேண்டும். 'வேலைக் கொடு' என்றால் எறிய ஒரு வேல் வேண்டும். 'இளைஞர்களுக்கு வேலைக் கொடுப்போம்' என்று ஒரு துண்டறிக்கை திருத்த வந்தது. இத்தனை பேருக்கு வேலைக் கொடுத்தால் ஊர் தாங்குமா என்று ஓரத்தில் எழுதி அனுப்பினேன். அனுப்பியவருக்கு ஜோக் புரியவில்லை.

'சுவற்றில்' என்றுதானே எல்லாரும் எழுதுகிறார்கள்?

'சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்' என்பதைச் சுவரில் எழுதியே வைத்திருக்கிறார்கள். கிணறு, வயிறு, ஆறு என்று 'று' என முடியும் சொற்கள் கிணற்றில், வயிற்றில், ஆற்றில் என்று இரட்டிக்கும். சுவர் 'ர்' என்று முடிகிறது. ஊரில், தேரில் போல, சுவரில்.

பிழை எப்படிப் பிறந்தது என்பது சுவாரசியம். பேச்சில் கிணற்றில் என்பது 'கெணத்துல'. சுவரையும் அதே அச்சில் வார்த்து 'செவுத்துல' என்கிறோம். அதைத் திரும்ப எழுத்துத் தமிழுக்குக் கொண்டுவருபவர், கெணத்துல கிணற்றில் என்றால் செவுத்துல சுவற்றில்தானே என்று முடிவு செய்துவிடுகிறார். அறியாமை என்று சொல்ல முடியாது. கணக்குச் சரி, விடை தப்பு.

இப்படி வேறு என்னென்ன சொற்கள்?

பதட்டம் இல்லை, பதற்றம். பதறு என்பதிலிருந்து வருவது. மாறு மாற்றம் ஆவது போல. மணியைக் கோர்க்க வேண்டாம், கோத்தால் போதும். உடமை என்பது உடைமை, அடமழை என்பது அடைமழை. ஏற்கனவே என்பதை ஏற்கெனவே என்று திருத்திக்கொண்டே இருக்கிறேன், அது திரும்பத் திரும்ப வருகிறது. பன்னிரெண்டு என்பது பன்னிரண்டு. மூன்று நூறு சேர்ந்தால் முந்நூறு. 'முன்னூறு' என்றால் முன்னால் இருக்கும் நூறு.

'முயற்சித்தேன்' மட்டும் தனி வழக்கு. முயல் என்ற வினையிலிருந்து முயற்சி என்ற பெயர் வந்தது. அந்தப் பெயரையே மறுபடி வினையாக்குகிறார்கள். பயிற்சி இருக்கிறதே என்று 'பயிற்சித்தேன்' என்கிறோமா? பயின்றேன். அதே போல முயன்றேன், அல்லது முயற்சி செய்தேன். ஆனால் செய்தித்தாள், டிவி, மேடை எல்லா இடத்திலும் முயற்சித்தேன்தான் ஓடுகிறது. இந்தப் போரில் நான் தோற்றுக்கொண்டிருக்கிறேன்.

'ஒரு', 'ஓர்' எப்போது?

அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் ஓர்: ஓர் ஊர், ஓர் ஆண்டு. மற்ற இடங்களில் ஒரு. சரி, முதல் கேள்வியிலேயே 'ஒரு எழுத்து' என்று இருந்ததே, நான் திருத்தவில்லையே, கவனித்தீர்களா? பேச்சில் யாரும் ஓர் சொல்வதில்லை. கட்டுரையில் திருத்துவேன், உரையாடலில் தொட மாட்டேன். 'ஓர் மரம்', 'ஓர் நாள்' என்று அழகுக்காக ஓர் போடுவதுதான் உண்மையில் கண்ணை உறுத்துகிறது.

'கண்கள் வலிக்கிறது' தவறா?

எழுத்தில் கண்கள் வலிக்கின்றன. பேச்சில் அஃறிணைப் பன்மை வினை இல்லவே இல்லை என்பதால் எழுதும்போது எல்லாரும் சறுக்குகிறார்கள், அனுபவசாலிகள் உட்பட. எழுவாய்க்கும் வினைக்கும் நடுவில் இருபது சொல் வந்துவிட்டால் நானும் கோட்டை விட்டிருக்கிறேன்.

'அவைகள்' என்பதில் அவை ஏற்கெனவே பன்மை. 'ஒவ்வொரு நாட்களும்' என்பதில் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு ஏன் மறுபடி கூட்டம் சேர்க்கிறீர்கள்? ஒவ்வொரு நாளும்.

'அது அல்ல' சரியா, 'அது அன்று' சரியா?

இலக்கணப்படி அது அன்று, அவை அல்ல, அவன் அல்லன், அவள் அல்லள், அவர் அல்லர், நான் அல்லேன். இன்றைய உரைநடையில் எல்லாவற்றுக்கும் 'அல்ல' வந்துவிட்டது. விட்டுவிட்டேன்.

வாழ்த்துகளா, வாழ்த்துக்களா?

நான் வாழ்த்துகள் என்று எழுதுகிறேன். வாழ்த்துக்கள் என்று எழுதுபவரிடம் சண்டைக்குப் போவதில்லை. பழைய இலக்கண நூல் பதிப்புகளிலேயே 'எழுத்துக்கள்' உண்டு. நாள்கள், நாட்கள் தகராறும் இதே வகைதான். தயவுசெய்து 'கள்' என்றால் குடிக்கிற கள் என்ற அந்த ஜோக்கை மட்டும் எனக்கு அனுப்பாதீர்கள்.

மொழி மாறிக்கொண்டேதானே இருக்கும்? நேற்றைய பிழை நாளைய சரி ஆகாதா?

ஆகும். தண்ணீர் என்றால் தண்மையான நீர், அதாவது குளிர்ந்த நீர். அப்படியென்றால் 'சுடுதண்ணீர்' என்பது சூடான குளிர்ந்த நீர். குளிக்க நான் அதைத்தான் கேட்கிறேன். நாற்றம் ஒரு காலத்தில் நல்ல மணம். ஆண்டாள் 'நாறுமோ' என்று கேட்டது நறுமணத்தைப் பற்றி. இன்று அதே வினையை யாரிடமாவது சொல்லிப் பாருங்கள்.

அதனால் பொருள் மாறுவதையோ, பேச்சில் ஒலி தேய்வதையோ பார்த்து நான் பதறுவதில்லை. 'அதற்க்கு' அப்படி மாறியது இல்லை. அதை யாரும் அப்படி உச்சரிப்பதில்லை, அதில் புதுப் பொருளும் இல்லை. கவனக்குறைவு மட்டும்தான்.

கைபேசியே திருத்திக் கொடுக்கிறதே, இனி இதெல்லாம் எதற்கு?

'இரைவன்' என்ற சொல்லே இல்லை, அதைப் பிடித்துவிடும். 'மனம்' என்று தட்டினால் எப்படிப் பிடிக்கும்? அதுவும் சொல்தானே. ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும் கீபோர்டுகள் ல, ள, ழ மூன்றில் ஒன்றை முன்னால் நீட்டும். அவசரத்தில் முதலில் வருவதைத் தொட்டுவிடுகிறோம். 'வலி' கேட்டவருக்கு 'வழி' போகிறது.

ஒருவர் பேசும்போது குறுக்கே திருத்தலாமா?

கூடாது. அவர் கேட்டால் சொல்லுங்கள். அச்சுக்குப் போகிறதென்றால் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள், ஆனால் தனியாக.

உங்களுக்கே இன்னும் குழப்பும் சொல் எது?

கறுப்பா, கருப்பா. 'கறு' என்ற வினை இருக்கிறது, கறுத்தது என்கிறோம், அதனால் கறுப்பு. 'கருமை' இருக்கிறது, கருமேகம் என்கிறோம், அதனால் கருப்பு. இரண்டு பக்கமும் அறிஞர்கள் இருக்கிறார்கள், இரண்டும் அச்சில் புழங்குகின்றன. நான் கறுப்பு என்று எழுதுவேன். எழுதியவர் கருப்பு என்று எழுதியிருந்தால் தொட மாட்டேன். ஒரே பக்கத்தில் இரண்டும் வந்தால் மட்டும் சிவப்புப் பேனாவை எடுப்பேன்.